பழைய ஆர்கேட், கன்சோல் கேம்களை டவுன்லோடு கடைகளில் வெளியிடுவது எப்படி?

ஸ்டீம், நின்டெண்டோ ஈஷாப், பிளேஸ்டேஷன் ஸ்டோர், எக்ஸ்பாக்ஸ் ஸ்டோர் ஆகியவற்றில் ஒரு பழைய கேமை முறைப்படி வெளியிட நினைக்கும் சிறு குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய கேமை எமுலேட்டரில், அதாவது பழைய இயந்திரத்தைப்போலவே நடிக்கும் மென்பொருளில், ஓடவைப்பது பற்றி எக்கச்சக்கமாக எழுதிவிட்டார்கள். ஓடுகிற கேமை விற்கிற கேமாக மாற்றும்வரை குறுக்கே வரும் கடிதங்கள், கட்டணங்கள், காத்திருப்புகள் பற்றித்தான் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. எனக்கு அவை தலைகீழ் வரிசையில் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. உங்களுக்கு நேர் வரிசையில் தருகிறேன்.

நிரல் எழுதுவது இதில் சின்னப் பகுதிதான். உரிமைக் காகிதம் கையில் வரும்வரை ஒரு வரிகூட எழுத வேண்டாம். உரிமையாளரிடம் காட்ட ஒரு மாதிரி வேண்டும் என்றால், அதற்கு மட்டும் சில நாள் செலவிடலாம்.

1. கேம் இன்று யாருடையது என்று பாருங்கள்

தொடக்கத் திரையில் பெயர் வரும் நிறுவனமே இன்றைக்கும் உரிமையாளர் என்று நம்பிவிடாதீர்கள். டேட்டா ஈஸ்ட் 2003இல் திவாலானது; அதன் கேம்களில் பெரும்பகுதி 2004இல் ஜி-மோட் கைக்குப் போனது. டெக்னோஸ் ஜப்பான் 1996இல் மூடப்பட்டது. அதன் உரிமைகள் மில்லியன் என்ற நிறுவனத்தின் வழியாக 2015இல் ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸுக்கு வந்தன. மிட்வே 2009இல் திவாலானபோது அதன் சொத்துகளில் பெரும்பாலானவற்றை வார்னர் வாங்கியது. 'பெரும்பகுதி', 'பெரும்பாலான' என்று எழுதுவதைக் கவனியுங்கள். உங்களுக்கு வேண்டிய கேம் மிச்சத்தில் கிடக்கலாம்.

அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் 1978 முதலான பதிவுகளை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். கேமின் பதிவோடு நிறுத்தாமல், உரிமை கைமாறியதற்கான ஆவணங்கள் பதிவாகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பெயரின் டிரேட்மார்க்குக்கு ஐநாவின் அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் உலக பிராண்டு தரவுத்தளம், அமெரிக்க டிரேட்மார்க் அலுவலகமான யுஎஸ்பிடிஓ, ஜப்பானின் தேடுதளமான ஜே-பிளாட்பேட் மூன்றிலும் தேடுங்கள். எல்லாமே இலவசம். கேம் ஒருவரிடமும் அதன் பெயர் இன்னொருவரிடமும் இருப்பது நடக்கக்கூடியதுதான். அப்படி இருந்தால் இரண்டு கையெழுத்து வேண்டும்.

கேட்பாரில்லாத கேமை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. அமெரிக்காவில் நிறுவனத்தின் படைப்புக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. 1980இல் வந்த கேமுக்கு அது 2075 முடியும்வரை ஓடும்.

உரிமை யாரிடம் என்று உரிமையாளர்களுக்கே தெரியாத கேம்களும் உண்டு. 2000இல் வெளியான 'நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்' இதில் பேர்போனது. பழைய கேம்களை மீட்பதையே தொழிலாகக் கொண்ட நைட்டைவ் ஸ்டுடியோஸ் முயன்றும் அதை வெளியே கொண்டுவர முடியவில்லை. இப்படிப்பட்ட கேம்மீது எவ்வளவு ஆசை இருந்தாலும் முதல் முயற்சிக்கு அது வேண்டாம். ஒரே நிறுவனம் உருவாக்கி, ஒரே நிறுவனம் வெளியிட்டு, இன்றும் உயிரோடிருக்கும் ஒருவரிடம் உள்ள கேமைத் தேர்ந்தெடுங்கள்.

கிடைத்ததையெல்லாம் ஒரே கோப்புறையில் போட்டு, யாரிடமிருந்து யாருக்கு எந்த ஆண்டு போனது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். வழக்கறிஞரிடம் போகும்போது இந்த ஒரு பக்கம் அவருடைய நேரத்தையும் உங்கள் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

2. கேமுக்குள் இருக்கும் அடுத்தவர் சொத்தைப் பட்டியலிடுங்கள்

உரிமையாளர் சரி என்று சொன்னாலும் அவரால் கொடுக்க முடியாதவை கேமுக்குள் இருக்கும். முதல் திரையிலிருந்து முடிவுப் பெயர்ப்பட்டியல்வரை உட்கார்ந்து விளையாடி, ஒவ்வொன்றையும் எழுதுங்கள்.

பாட்டு: 'கிரேஸி டாக்ஸி' 2010இல் டவுன்லோடு பதிப்பாக வந்தபோது பழைய ராக் பாடல்களும், பயணிகளை இறக்கிவிடும் நிஜக் கடைகளின் பெயர்களும் போய்விட்டன. ரசிகர்களின் கோபம் முழுக்க அந்தப் பாடல்களுக்காகத்தான். கேமுக்கென்றே போட்ட இசையானாலும், வெளியாள் போட்டிருந்தால் உரிமை அவரிடமே இருக்கலாம். ஜாஸ்ராக் போன்ற இசை உரிமைச் சங்கத்தில் அவர் பதிந்திருந்தால் அங்கேயும் பணம் கட்ட வேண்டிவரும்.

வண்டி, விளம்பரப் பலகை, விளையாட்டு வீரர்: 2009இல் வந்த 'அவுட்ரன் ஆன்லைன் ஆர்கேட்' ஃபெராரி உரிமம் முடிந்ததும் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. பந்தய கேம், விளையாட்டுப் போட்டி கேம் இரண்டையும் எடுக்குமுன் இரண்டு முறை யோசியுங்கள்.

சினிமா, காமிக்ஸ் பாத்திரங்கள்: 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2' 2009இல் டவுன்லோடு கடைக்கு வந்து 2013 டிசம்பரில் மறைந்தது. திரும்பி வர 2024 ஆனது. பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி.

சின்னச் சின்ன முத்திரைகள்: 1989இலிருந்து அமெரிக்க ஆர்கேட் கேம்கள் பலவற்றில் போதைப்பொருளுக்கு எதிரான வாசகத்தோடு எஃப்பிஐ முத்திரை ஒரு திரையில் வரும். அதை எடுத்துவிடுங்கள். 'இந்த கேம் ஜப்பானில் மட்டுமே பயன்படுத்துவதற்கு' என்ற எச்சரிக்கைத் திரையையும் கவனியுங்கள். உலகம் முழுக்க விற்கும் பதிப்பில் அது நிற்பது நன்றாக இருக்காது. கன்சோல் கேம் என்றால் 'நின்டெண்டோ உரிமம் பெற்றது', 'சேகா உரிமம் பெற்றது' போன்ற வரிகள் தொடக்கத்திலேயே வரும். வேறு தளத்தில் வெளியிடும்போது அவை போக வேண்டும்.

கன்சோலின் பயாஸும், அதாவது கன்சோலுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை நிரலும், இந்தப் பட்டியலில் சேரும். கேம் உங்கள் உரிமையாளருடையது. பயாஸ் கன்சோலைச் செய்தவருடையது. டிஸ்க் காலத்து கேம்களில் இன்னொரு வில்லங்கமும் உண்டு: கன்சோல் நிறுவனம் கொடுத்த லைப்ரரி நிரல் கேமோடு சேர்ந்தே கம்பைல் ஆகியிருக்கும். அதை என்ன செய்வது என்பதை வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

3. ஒப்பந்தத்தில் இவை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்

இங்கேதான் அதிக நேரம் போகும். பெரிய நிறுவனத்துக்கு உங்கள் சின்ன கேம் ஒரு பொருட்டே இல்லை; மின்னஞ்சல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போக மாதக்கணக்கில் ஆகும். அரை வருடம் ஒதுக்கிவைத்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் கடிதத்திலேயே எந்த கேம், எந்தத் தளங்கள், எந்த மொழிகள், எத்தனை ஆண்டு, எவ்வளவு முன்பணம், எப்போது வெளியீடு என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். 'நாங்கள் உங்கள் கேம்களின் பெரிய ரசிகர்கள்' என்று தொடங்கும் கடிதங்கள் அவர்களுக்கு நிறைய வரும். எண்கள் உள்ள கடிதம் குறைவாகவே வரும்.

காலம்: உரிம ஆண்டுகள் எந்த நாளிலிருந்து எண்ணப்படும் என்பது முக்கியம். கையெழுத்து நாளிலிருந்து என்றால் தயாரிப்பு வேலையே பாதியைத் தின்றுவிடும். முதல் விற்பனை நாளிலிருந்து என்று கேளுங்கள். ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றால் ஆண்டுகளைக் கூட்டிக் கேளுங்கள். மூன்று ஆண்டுக்குக் குறைவான உரிமம் சின்னக் குழுவுக்குக் கட்டுப்படியாகாது என்பது என் கணிப்பு.

தளங்கள்: ஒவ்வொரு கடையையும் கன்சோலையும் பெயர் சொல்லி எழுதி, 'அவற்றின் அடுத்த தலைமுறைகளும்' என்று சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதிய கன்சோல் வரும்போது மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும்.

பணம்: குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை, அதாவது விற்றாலும் விற்காவிட்டாலும் நீங்கள் கொடுக்கும் முன்பணம், பிறகு சேரும் ராயல்டியில் கழிய வேண்டும். ராயல்டி எதன்மீது கணக்காகிறது என்று பாருங்கள். விலையின்மீது என்றிருந்தால் ஓடிவிடுங்கள். கடையின் பங்கு, வரி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது எல்லாம் கழித்து உங்கள் கைக்கு வந்த தொகையின்மீது இருக்க வேண்டும். தள்ளுபடி விற்பனைக்கு ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும் நிபந்தனையையும் எடுக்கச் சொல்லுங்கள். கடைகள் தள்ளுபடிக்கு அழைக்கும்போது பதில் சொல்லக் கிடைக்கும் நாள்கள் குறைவு.

ஒப்புதல்: லோகோ, படம், டிரெய்லர், இறுதிப் பதிப்பு எல்லாமே அவர்கள் பார்த்து ஒப்ப வேண்டும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் பத்து வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளலாம் என்ற ஒரு வரியைச் சேர்க்கப் போராடுங்கள். நான் பார்த்த ஒரு ஒப்பந்தத்தில் இந்த வரி இல்லாததால், முடிந்த கேம் ஒரே ஒரு கடைப்பட ஒப்புதலுக்காகக் கிடப்பில் கிடந்தது.

முடிவு: உரிமம் முடிந்த பிறகு ஏற்கெனவே வாங்கியவர்கள் மறுபடி டவுன்லோடு செய்யலாம் என்பது எழுத்தில் இருக்கட்டும். விற்பனையை நிறுத்த கொஞ்சம் அவகாசமும் கேளுங்கள்.

ஒப்பந்தத்தோடு இரண்டு துண்டுக் காகிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, பதிப்புரிமை வரி எழுத்துப் பிசகாமல் எப்படி வர வேண்டும் என்பது. மற்றொன்று, இன்ன கேமை இன்ன கடைகளில் இன்ன காலம்வரை வெளியிட இவர்களுக்கு அனுமதி உண்டு என்று உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம். பிரபலமான பெயரைக் கண்டால் கடைகள் சான்று கேட்கும். ஒப்பந்தம் ரகசியம் என்பதால் அதைக் காட்ட முடியாது; இந்தக் கடிதத்தைக் காட்டலாம்.

4. சோர்ஸ் கோட் இருக்கிறதா, ரோம்தானா?

உரிமையாளரிடம் சோர்ஸ் கோட், அதாவது கேமை எழுதிய மூல நிரல், கேளுங்கள், ஆனால் கிடைக்கும் என்று திட்டம் போடாதீர்கள். பல இடங்களில் அது தொலைந்துவிட்டது. இருந்தாலும் எந்தப் பதிப்பின் கோட் என்று பாருங்கள். 2012இல் வந்த 'சைலண்ட் ஹில் எச்டி கலெக்‌ஷன்' முழுமையடையாத பழைய கோட்டிலிருந்து செய்யப்பட்டது. முன்பே சரிசெய்யப்பட்ட பிழைகளை மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது என்று தயாரிப்பாளர்களே சொன்னார்கள்.

ரோமைக்கூட, அதாவது போர்டிலோ கார்ட்ரிட்ஜிலோ இருக்கும் கேம் தரவின் நகலைக்கூட, உரிமையாளரிடமிருந்தோ, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அசல் போர்டு, கார்ட்ரிட்ஜ், டிஸ்க்கிலிருந்தோ எடுங்கள். எடுத்ததும் அதன் ஹாஷ் எண்ணை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணை, சரியான நகல்களின் பட்டியலோடு ஒப்பிடுங்கள்: கார்ட்ரிட்ஜுக்கு நோ-இன்ட்ரோ, டிஸ்க்குக்கு ரீடம்ப், ஆர்கேடுக்கு மேம் எமுலேட்டரின் பட்டியல். இணையத்தில் கிடைத்ததை அப்படியே போட்டால், என்றோ யாரோ பாதுகாப்பை உடைத்துத் தன் பெயரைப் பொறித்த பதிப்பை நீங்கள் விற்றுக்கொண்டிருப்பீர்கள். வாங்குகிற ரசிகர்கள் அதை முதல் நாளே கண்டுபிடிப்பார்கள்.

ஆர்கேட் போர்டு வாங்குவதானால் பேட்டரி விஷயத்தைக் கேளுங்கள். கேப்காமின் சிபிஎஸ்-2 போர்டுகளில் மறைகுறியாக்கச் சாவி பேட்டரி தாங்கும் நினைவகத்தில் இருக்கிறது. பேட்டரி செத்தால் போர்டு ஓடாது.

எந்த நாட்டுப் பதிப்பு என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். ஐரோப்பிய கன்சோல் பதிப்பில் ஐந்து மொழி இருக்கிறதே என்று அதை எடுத்தால், அது 60க்குப் பதில் 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 படம் என்ற வேகத்தில், ஓடும். 2018இல் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக்கில் சில கேம்கள் இப்படி வந்து நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டன.

5. எமுலேட்டரின் லைசென்ஸைப் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. இலவசமாகக் கிடைக்கும் எமுலேட்டர் எல்லாம் விற்பனைக்கு ஆகாது. எஸ்நெஸ்9எக்ஸ், ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ், ஃபைனல்பர்ன் நியோ மூன்றின் லைசென்ஸும் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கிறது. பயன்படுத்த வேண்டும் என்றால் அதை எழுதியவர்களிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். எழுதியவர்கள் பலராக இருப்பார்கள்.

மேம் 2016 மார்ச்சில் லைசென்ஸ் மாற்றியது. மொத்தமாக எடுத்தால் ஜிபிஎல், அதாவது கொடுக்கும்போது சோர்ஸ் கோடையும் கொடு என்னும் லைசென்ஸ். கோப்புகளில் பெரும்பான்மை 3-விதி பிஎஸ்டி, அதாவது கோடைத் திறக்காமலே விற்க விடும் லைசென்ஸ். உங்கள் கேமுக்குத் தேவையான கோப்புகள் அனைத்தும் பிஎஸ்டியா என்று ஒவ்வொன்றின் தலைப்பையும் திறந்து பாருங்கள். மேம் என்ற பெயர் டிரேட்மார்க் என்பதால் கடைப்பக்கத்தில் அதைப் போடாதீர்கள். கேம் பாய் அட்வான்ஸுக்கான எம்ஜிபிஏ எமுலேட்டரின் லைசென்ஸ் எம்பிஎல் 2.0, அதன் கோப்புகளில் நீங்கள் செய்த மாற்றங்களை வெளியிட்டால் போதும்.

ஜிபிஎல் எமுலேட்டரை கணினியில் விற்கலாம், வாங்கியவருக்கு அதன் சோர்ஸ் கோட் கிடைக்க வழி செய்தால். டாஸ்பாக்ஸோடு பழைய டாஸ் கேம்கள் விற்கப்படுவது இப்படித்தான். கன்சோலில் சிக்கல் வருகிறது. கன்சோல் எஸ்டிகே, அதாவது கன்சோலுக்கு கேம் கட்டும் கருவித் தொகுப்பு, ரகசிய ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது. ஜிபிஎல்லோ எல்லாவற்றையும் திறந்து காட்டு என்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்காது. நின்டெண்டோவின் வீ கன்சோலில், பழைய சாகச கேம்களை ஓடவைக்கும் ஜிபிஎல் மென்பொருளான ஸ்கம்விஎம்மைச் சொல்லாமல் வைத்து வெளியான சில குழந்தைகள் கேம்கள் சட்டப் பிரச்சினையாகிச் சமரசத்தில் முடிந்தன. கன்சோல் உங்கள் திட்டத்தில் இருந்தால் பிஎஸ்டி வகை லைசென்ஸ், சொந்த எமுலேட்டர், அல்லது ஏற்கெனவே எமுலேட்டர் வைத்திருக்கும் நிறுவனத்தோடு கூட்டு என்று மூன்றே வழி. முதல் கேமுக்குக் கூட்டுத்தான் மலிவு என்பேன்.

6. கடைக் கணக்குகளை இப்போதே திறங்கள்

ஒப்பந்தப் பேச்சு நடக்கும்போதே இதைச் செய்யலாம்.

ஸ்டீம்: ஒரு கேமுக்கு 100 டாலர். விற்பனை 1,000 டாலரைத் தொட்டபின் அது திரும்பக் கிடைக்கும். கட்டணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் வெளியிட முடியும். கடையின் பங்கு 30 சதவீதத்தில் தொடங்குகிறது.

எபிக்: இதுவும் கேமுக்கு 100 டாலர், பங்கு 12 சதவீதம். 2025 ஜூன் முதல் ஒவ்வொரு கேமுக்கும் ஆண்டின் முதல் 10 லட்சம் டாலருக்குப் பங்கு எடுப்பதில்லை.

இட்ச்: கட்டணம் இல்லை, பங்கை நீங்களே தீர்மானிக்கலாம். நீங்கள் மாற்றாவிட்டால் 10 சதவீதம்.

ஜிஓஜி: பழைய கேம் வாங்குபவர்கள் கூடும் இடம், ஆனால் அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

எக்ஸ்பாக்ஸின் ஐடி@எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ டெவலப்பர் போர்டல், பிளேஸ்டேஷன் பார்ட்னர்ஸ் மூன்றிலும் பதிவுசெய்து, ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, கேமைப் பற்றி எழுதி அனுமதி வாங்க வேண்டும். டெவ்கிட், அதாவது கேமைச் சோதித்துப் பார்க்கும் சிறப்பு கன்சோல், அதற்குப் பிறகுதான். அனுமதி வராமல் கன்சோல் வெளியீட்டை யாருக்கும் அறிவிக்காதீர்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: நிறுவனப் பதிவுச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், வரி எண், அடையாளச் சான்று. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் தனிநபரானால் டபிள்யூ-8பென், நிறுவனமானால் டபிள்யூ-8பென்-இ படிவம் நிரப்ப வேண்டும். வரி ஒப்பந்தச் சலுகை கோராவிட்டால் அமெரிக்க விற்பனைப் பங்கில் 30 சதவீதம் பிடிப்பார்கள். வங்கியில் ஒரு பெயர், வரிப் படிவத்தில் முதலெழுத்து விரித்த இன்னொரு பெயர் என்று இருந்தால் சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடும். எல்லாக் காகிதத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும்.

7. வேகம், திரை, பொத்தான்

ஆர்கேட் கேம்கள் பலவும் சரியாக 60 ஹெர்ட்ஸில் ஓடுவதில்லை. சிபிஎஸ்-2 ஏறத்தாழ 59.64, நியோ ஜியோ 59.19, பேக்-மேன் 60.6. இவற்றை 60க்கு இழுத்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் 'ஆர்-டைப்' 55.02 ஹெர்ட்ஸ், 'மோர்ட்டல் காம்பேட்' 54.7. இவற்றை 60க்கு இழுத்தால் கேம் ஒன்பது சதவீதத்துக்கும் மேல் வேகமாக ஓடும். மனப்பாடமாக விளையாடியவர் முதல் நிமிடத்திலேயே உணர்ந்துவிடுவார். மாறும் புதுப்பிப்பு வீதம் உள்ள திரையில் அசல் வேகம், மற்றவற்றில் சில ஃபிரேம்களை இரட்டித்து அசல் வேகம் என்று வையுங்கள். ஒலியைத் தனியாகச் சரிக்கட்டாவிட்டால் கரகரக்கும்.

படத்தின் வடிவம் அடுத்த பொறி. சிபிஎஸ்-2இன் 384×224 புள்ளிகள் 4:3 திரைக்காக வரையப்பட்டவை. புள்ளியைச் சதுரமாகக் காட்டினால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். நின்டெண்டோவின் பழைய கன்சோலில் 256×240, அங்கே ஒல்லியாவார்கள். முழு எண் மடங்கில் பெருக்கினால் படம் கூர்மையாக இருக்கும்: 224 வரியை 1080 திரையில் நான்கு மடங்காக்கினால் 896, மேலும் கீழும் கறுப்பு விழும்; ஐந்து மடங்கு 1120, வெட்டுப்படும். 4கே திரையில் ஒன்பது மடங்கு 2016, ஓரளவு நிறைகிறது. அசல் வடிவம், முழு எண் மடங்கு, திரை நிறைய என்று மூன்றையும் கொடுத்துவிட்டு அசல் வடிவத்தை இயல்பாக வையுங்கள். செங்குத்துத் திரை கேம் என்றால் திரையைச் சுழற்றும் வசதி கண்டிப்பாக வேண்டும். அதற்காகவே மானிட்டரைத் திருப்பி வைத்திருப்பவர்கள் உங்கள் முதல் வாடிக்கையாளர்கள்.

தாமதத்தை அளவிடுங்கள். ஒரு ஃபிரேம் 16.7 மில்லி நொடி. 240 ஃபிரேம் பதிவுசெய்யும் கைபேசியால் பொத்தானையும் திரையையும் சேர்த்துப் படமெடுத்து எண்ணினாலே போதும்.

டிராக்பால், சுழல்குமிழ் கேம்களுக்கு அனலாக் குச்சியோடு மவுஸையும் சேருங்கள். குச்சி மட்டும் இருந்தால் 'அர்கனாய்ட்' வகை கேம் நரகம். துப்பாக்கி கேம்கள் பழைய குழாய்த் திரையை நம்பி இருந்தவை. முதல் முயற்சிக்கு அவற்றைத் தொடாதீர்கள்.

காசு போடுவதற்கு ஒரு பொத்தான் வேண்டும். போர்டிலிருந்த டிப் சுவிட்சுகளை, அதாவது உயிர் எண்ணிக்கை, கடினம், போனஸ் உயிர் கிடைக்கும் மதிப்பெண் ஆகியவற்றை, புரிகிற பெயரோடு மெனுவில் வையுங்கள். உலக மதிப்பெண் பட்டியல் போடுவதானால் இயல்பான அமைப்பில், இடைச்சேமிப்பும் பின்னோட்டமும் இல்லாமல், ஒரே காசில் விளையாடியதை மட்டும் ஏற்றுங்கள். பல ஜப்பானிய ஷூட்டிங் கேம்களில் மதிப்பெண்ணின் கடைசி இலக்கம் எத்தனை முறை தொடர்ந்தார் என்பதைக் காட்டும்; சரிபார்க்க உதவும்.

8. வயதுச் சான்றும் மின்னும் திரையும்

வயதுச் சான்றுக்கு, பல நாட்டுச் சான்று அமைப்புகள் கூட்டாக நடத்தும் ஐஏஆர்சி கேள்வித்தாள் போதும். கட்டணம் இல்லை. ஒரு முறை நிரப்பினால் அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி, ஐரோப்பாவின் பெகி, ஜெர்மனியின் யுஎஸ்கே எல்லாம் சேர்ந்து வரும். கிடைக்கும் எண்ணைச் சேமித்துவையுங்கள், அடுத்த கடையிலும் உதவும். ஜப்பானின் சீரோ இதில் இல்லை; அது தேவைப்பட்டால் தனிக் கட்டணம், தனி நாள்கள். ஸ்டீமில் அவர்களுடைய சொந்தக் கேள்வித்தாள். அதையும் விடாமல் நிரப்புங்கள். ஜெர்மனியில் காட்டுவதற்கு அது தேவை. சூதாட்ட இயந்திரம் போன்ற போனஸ் சுற்று இருந்தால் மறைக்காதீர்கள்.

பழைய கேம்களில் வெடிப்பு வந்தால் திரை முழுக்க வெள்ளையும் கறுப்புமாக மின்னும். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் போனால் ஒளியால் வலிப்பு வருபவர்களுக்கு ஆபத்து. ஹார்டிங் சோதனையில் காணொளியை ஓடவிட்டு, தோற்கும் இடங்களில் மட்டும் மின்னலின் வெளிச்சத்தைத் தணியுங்கள். கேம் முழுவதையும் மங்கலாக்கினால் திட்டு வாங்குவீர்கள்.

9. கன்சோல் சான்றிதழ் சோதனை

விற்பனைக்கு விடுமுன் கன்சோல் நிறுவனம் தன் விதிகளின்படி கேமைச் சோதிக்கும். அதற்கு நின்டெண்டோவில் லாட்செக், சோனியில் டிஆர்சி, மைக்ரோசாஃப்டில் எக்ஸ்ஆர் என்று பெயர். விதிகளின் விவரம் ரகசிய ஒப்பந்தத்துக்குள் வருவதால் இங்கே எழுத முடியாது. பொதுவாக எல்லோரும் சறுக்கும் இடங்களைச் சொல்லலாம். கன்ட்ரோலர் பிடுங்கினால் கேம் நிற்க வேண்டும். எமுலேட்டர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கன்சோலைத் தூங்கவைத்து எழுப்பினால் ஒலி திரும்ப வர வேண்டும். சேமிக்கும்போது மின்சாரம் போனால் பழைய சேமிப்பு கெடக்கூடாது. நடுவில் வேறு பயனர் நுழைந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பொத்தான் பெயர்களையும் படங்களையும் அந்தந்தக் கன்சோலுக்கு ஏற்றபடி எழுதுங்கள். மெகா டிரைவ் கன்ட்ரோலரின் படத்தோடு பழைய கையேட்டை ஸ்கேன் செய்து அப்படியே போட்டால் அது திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

முதல் முறையே தேறிவிடும் என்று நாள் குறிக்காதீர்கள். இரண்டு முறை திரும்பி வரும் என்று வைத்து நாட்காட்டியை நிரப்புங்கள். ஒவ்வொரு கன்சோலுக்கும் தனித்தனியாக.

10. கடைப்பக்கமும் வெளியீட்டு நாளும்

ஸ்டீமில் 'விரைவில்' பக்கம் குறைந்தது இரண்டு வாரம் பொதுவில் நிற்க வேண்டும். பக்கத்தையும் கேமையும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு வேலை நாளுக்கு முன் அனுப்புங்கள். இரண்டு வாரத்தோடு நிற்காமல் பக்கத்தைச் சில மாதம் முன்பே திறப்பது நல்லது, விருப்பப்பட்டியல் சேரும். ஆனால் படங்களுக்கு உரிமையாளர் ஒப்புதல் வந்திருக்க வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட்டுகள் குறைந்தது ஐந்து, 1920×1080 அளவில். உங்கள் கேமோ 4:3 அல்லது செங்குத்து. பக்கவாட்டு அலங்காரச் சட்டம் வரைய ஓவியருக்குப் பணம் ஒதுக்குங்கள். பழைய ஆர்கேட் பெட்டியின் ஓவியத்தை எடுத்துப் போடலாமா என்பது ஒப்பந்தத்தில் தனியாக இருக்க வேண்டும். நூலகப் படம் 600×900, தலைப்புப் படம் 920×430. பழைய லோகோ அந்த அளவில் மங்கலாகத்தான் இருக்கும், மறுபடி வரைய வேண்டிவரும்.

விலை விஷயத்தில் ஒன்று. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆர்கேட் கேம் பல அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பயிற்சி முறை, பல நாட்டுப் பதிப்புகள், ஓவியக் காட்சியகம், இசை கேட்கும் இடம் என்று திரும்ப வர ஏதாவது வையுங்கள். அல்லது தொடர்புள்ள மூன்று நான்கு கேம்களை ஒரே தொகுப்பாக வெளியிடுங்கள். கட்டணம், சான்றிதழ், கடைப்பக்கம் எல்லாம் ஒரு முறையோடு போகும் என்பதால் எனக்குத் தொகுப்புதான் பிடிக்கும்.

11. வெளியீட்டுக்குப் பிறகு

ஸ்டீம் ஒரு மாத விற்பனையை அடுத்த மாத இறுதியில் கொடுக்கும், 100 டாலர் சேர்ந்திருந்தால். நீங்கள் உரிமையாளருக்குக் கணக்குக் காட்டும் நாளை இதற்கு ஒரு மாதம் தள்ளி வையுங்கள். வராத பணத்துக்கு ராயல்டி கட்டும் நிலை வராது. கடை அறிக்கைகளை மாதாமாதம் இறக்கிச் சேமியுங்கள், தணிக்கைக்குக் கேட்பார்கள்.

கேமைக் கட்டிய கணினியின் முழு நகலையும் எஸ்டிகே பதிப்போடு எடுத்துவையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து ஒரு பிழையைத் திருத்த வேண்டி வரும்போது பழைய எஸ்டிகேயை அவர்களே ஏற்கமாட்டார்கள். நகல் இருந்தால் எதிலிருந்து எதற்கு மாற வேண்டும் என்றாவது தெரியும்.

உரிமம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது நாட்காட்டியில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். நீட்டிப்புக்கு அன்றே எழுதுங்கள். பதில் வராவிட்டால் விற்பனை நிற்கும் நாளைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே வாங்குபவர்களுக்கு அறிவித்து, கடைசித் தள்ளுபடி கொடுத்து, ஸ்டீம் உட்பட ஒவ்வொரு கடையிலும் விற்பனையை மட்டும் நிறுத்தச் சொல்லிக் கோரிக்கை அனுப்புங்கள். கேமை மொத்தமாக நீக்கும் கோரிக்கையை அனுப்பாதீர்கள். வாங்கியவர்களின் நூலகத்திலிருந்தும் அது போய்விடக்கூடும்.